போணி நாற்காலி

அலெப்போ, 9 பிப்ரவரி 1986

பஹீஜா அக்காவுக்கு,

உன் கையையும் பிள்ளைகளின் கன்னங்களையும் முத்தமிட்டு ஹஸீப் எழுதுவது. இங்கே அம்மாவின் முழங்கால் தவிர எல்லாரும் சுகம். உன் தைலம் குவைத்திலிருந்து வந்தால் முழங்காலும் சுகமாகிவிடும் என்கிறாள். ரவூஃப் அத்தானின் உடம்புக்கும் உத்தியோகத்துக்கும் ஒரு குறையும் இருக்காது என்று நம்புகிறேன்.

சந்தை எப்படி என்று கேட்டிருந்தாய். தூங்குகிறது. வேறு சொல்லைச் சொல்ல எனக்குப் பயம். நேற்று யாரோ வானொலியில் கேட்டுவிட்டு "மந்தநிலையாமே" என்று சொல்லப்போக, எதிர்க்கடை புர்ஹான் ஹாஜியார் மசாலா மூட்டைக்குப் பின்னாலிருந்து சத்தம் போட்டார். "வாயைக் கழுவுடா! அதைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா உள்ள வந்து உட்கார்ந்துக்கும். சந்தை தூங்குதுன்னு சொல்லு. தூங்குறது முழிச்சுக்கும்." வளைகுடாவிலிருந்து கல்யாணத்துக்கு வருகிறவர்கள் இந்த வருஷம் எழுதவே இல்லை. அவர்கள் அனுப்பும் பணத்தை நம்பி மெத்தைத் துணி எடுக்கும் கிராமத்துக்காரர்களும் வரவில்லை.

ஆனால் ஒரு கடை மட்டும் தூங்கவில்லை. நம் மாமா மகன் நஸீஹின் கடை. அவனுக்கும் எனக்கும் ஒரே மொத்த வியாபாரி, ஒரே பட்டு, நடுவில் ஒரு சுவர். காலையில் இருவரும் வாசலில் நாற்காலி போடுகிறோம். அப்பா காலத்தில் நீ பார்த்ததுதான்: நாற்காலி வெளியே இருந்தால் அந்தக் கடைக்கு இன்னும் போணி ஆகவில்லை. போணி ஆனவன் நாற்காலியை உள்ளே எடுத்துவிட்டு, அடுத்து வரும் ஆளை நாற்காலி போட்டிருக்கும் பக்கத்துக் கடைக்கு அனுப்ப வேண்டும். நான் தேநீர்க்காரனைக் கூப்பிட அந்தப் பக்கம் திரும்புவேன். இந்தப் பக்கம் திரும்பினால் நஸீஹின் நாற்காலி இல்லை! யார் வந்தார்கள், எதை வாங்கினார்கள், ஒன்றும் புரியாது. அப்புறம் தலையை நீட்டி, "என்ன மச்சான், இன்னும் போணி ஆகலையா?" என்பான். வயிறு எரிகிறது அக்கா. மறைக்க மாட்டேன்.

போன பெருநாளுக்கு அவன் மனைவி சமீஹாவின் கையில் புது முறுக்கு வளையல்கள் ஏறின. உனக்குச் சொன்னேனா?

அம்மா உன் நெற்றியில் முத்தமிடச் சொன்னாள்.
உன் தம்பி ஹஸீப்


குவைத், 2 மார்ச் 1986

தம்பி ஹஸீபுக்கு,

உன் கடிதம் வந்து வீடு முழுக்கச் சந்தை வாசனை. அம்மாவுக்குத் தைலம், உனக்குத் தேயிலை, உன் மனைவிக்கு ஒரு சென்ட் பாட்டில் இந்தப் பொதியில் வைத்திருக்கிறேன். நாங்கள் எல்லாரும் நலம்.

வளையல் விஷயத்தை நீ சொல்லவில்லை. சொல்லாமலேயே இருந்திருக்கலாம். எனக்கொன்றும் பொறாமை இல்லை. முறுக்கு வளையலா, பட்டை வளையலா? எத்தனை? இரண்டு கையிலுமா? நஸீஹ் என்னைப் பெண் கேட்டபோது அப்பா என்ன சொன்னார் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "கடை சின்னது. என் மகள் நின்றுகொண்டா குடித்தனம் நடத்துவாள்?" என்றார். அந்தச் சின்னக் கடையிலிருந்துதான் முறுக்கு வளையல் வருகிறது. வரட்டும். சமீஹா நல்ல பெண். என்னைவிட நிறம் கம்மி, அவ்வளவுதான்.

உங்கள் ஹாஜியார் இங்கே வந்தால் பாவம், பைத்தியமே பிடித்துவிடும். இங்கே அந்தச் சொல்லைப் பத்திரிகை தினமும் தலைப்பில் போடுகிறது. அமைச்சர் அதையே 'தற்காலிகச் சுணக்கம்' என்கிறார். ரவூஃப் கணக்கு எழுதும் கட்டுமான நிறுவனத்தில் 'மறுசீரமைப்பு' என்று சுற்றறிக்கை விட்டிருக்கிறார்கள். எங்கள் தெரு மீன்காரருக்கு மட்டும் இந்தச் சொல் எதுவும் தெரியாது. "என்னம்மா, வாவல் மீன் வாங்குற வீட்டுல எல்லாம் மத்தி கேக்குறாங்க" என்கிறார்.

அடுத்த கடிதத்தில் நஸீஹைப் பற்றிக் குறைத்து எழுது. அல்லது விவரமாக எழுது.

அம்மாவின் காலடிக்கு என் சலாம்.
பஹீஜா


அலெப்போ, 6 ஏப்ரல் 1986

அக்காவுக்கு,

தைலம் வேலை செய்கிறது. அம்மா மாடிக்கு ஏறிப் புறாவை விரட்டுகிற அளவுக்கு வந்துவிட்டாள். உங்கள் அனைவருக்கும் நோயில்லாத நாட்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

நஸீஹ் எனக்கு ஆள் அனுப்புகிறான். அவன் நாற்காலி உள்ளே, என்னுடையது வெளியே. அதனால் அனுப்புகிறான். முறைதான். ஆனால் அந்த ஆள் என் கடைக்குள் நுழையும்போது அவன் இலையிலிருந்து எடுத்துப் போட்டதைச் சாப்பிடுவது போல எனக்கு இருக்கிறது.

ஆகவே ஒரு காரியம் செய்தேன். திட்டாதே. போன வாரம் மன்பிஜிலிருந்து ஒரு குடும்பம் நேராக என்னிடமே வந்து கல்யாண மெத்தைக்கு ரோஸ் பட்டு எடுத்தது. நல்ல போணி. நான் நாற்காலியை உள்ளே எடுக்கவில்லை. மறந்தது போல விட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் நஸீஹ் ஓர் ஆளை அனுப்பினான். மதியத்துக்குள் இன்னொருவர். அன்றிலிருந்து என் நாற்காலி சாயங்காலம் வரை வெளியிலேயே இருக்கிறது. அவனுக்குத்தான் தினமும் விடியும்போதே போணி ஆகிவிடுகிறதே, கொஞ்சம் கொடுத்தால் குறைந்தா போவான்?

சமீஹாவின் வளையல் இரண்டு கையிலும். எண்ணவில்லை.

பிள்ளைகளை அணைத்துக்கொள்.
ஹஸீப்


குவைத், 11 மே 1986

தம்பி,

நோன்பு எல்லாருக்கும் பாரமில்லாமல் கழியட்டும். அம்மாவை நோன்பு பிடிக்க விடாதே. மருந்தைக் காரணம் சொல்.

அப்பா இருந்திருந்தால் அந்த நாற்காலியாலேயே உன்னை அடித்திருப்பார். போணி ஆனபின் நாற்காலியை வெளியே விட்டு வைப்பது, சாப்பிட்டுவிட்டு மறுபடி பந்தியில் உட்காருவதற்குச் சமம். அக்கா என்ற முறையில் கண்டித்துவிட்டேன். ஆனாலும் படித்துவிட்டுச் சிரித்தேன், அதுவும் நிஜம்.

நாங்கள் வீடு மாறியிருக்கிறோம். இது முன்னதைவிடக் கொஞ்சம் அடக்கமானது. கடல் காற்று வரும். ரவூஃபே இப்போது பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போய், அழைத்து வருகிறார். அவர்களுக்கு ஒரே குஷி. இந்த முறை பொதி அனுப்பவில்லை. ஊருக்கு வந்த ஆளுக்குக் கையில் இடமில்லை.

பெருநாள் கழித்து நம் சித்தி மகள் முனீராவின் கல்யாணம் இருக்கிறதல்லவா? புகைப்படம் அனுப்பு. எல்லாரும் நிற்கிற படமாக இருக்கட்டும். சமீஹா முன்வரிசையில்தான் நிற்பாள்.

பஹீஜா


அலெப்போ, 15 ஜூன் 1986

அக்காவுக்குப் பெருநாள் வாழ்த்து,

அம்மா நலம். உன் புது வீட்டைப் பற்றி அக்கம்பக்கமெல்லாம் சொல்லிவிட்டாள். கடலைப் பார்த்த மாளிகை என்று ஒரு சுற்று பெரிதாக்கியும் விட்டாள். புகைப்படம் உள்ளே. செர்ரி கபாப் மூன்று தட்டு சாப்பிட்ட பிறகு எடுத்தது, என் வயிற்றைப் பார்க்காதே.

கடையில் ஒரு அவமானம். ஒரு கிழவி வந்தாள். நஸீஹ் அனுப்பியவள். "பக்கத்துக் கடைத் தம்பி எனக்குத் துணியையே விரிக்கலை. வாசல்லயே நின்னு, 'அங்க போங்கம்மா, என் மச்சானுக்கு இன்னும் போணி ஆகலை'ன்னுட்டாரு" என்று சொல்லிக்கொண்டே வாங்கினாள். அவள் போனதும் புர்ஹான் ஹாஜியார் எதிரிலிருந்து சத்தமாகக் கேட்டார்.

"ஏன்டா ஹஸீப், உன் நாற்காலி வேர் விட்டுடுச்சா? அசையவே மாட்டேங்குது!"

சந்தையே சிரித்தது. நஸீஹும் தலையை நீட்டினான். "விடுங்க ஹாஜியார். வெயில் காயட்டும்" என்றான்.

பார்த்தாயா அவன் கொழுப்பை? தெரிந்துகொண்டே விட்டுக்கொடுக்கிறான். என் திருட்டைக்கூட மன்னிக்கிற அளவுக்கு அவனுக்கு வருமானம். சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். உங்கள் வீட்டுப் பொதி நின்றுவிட்டது என்று அவனிடம் சும்மா பேச்சுக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டே தேநீர் குடித்தான்.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
ஹஸீப்


குவைத், 10 ஆகஸ்ட் 1986

தம்பி ஹஸீபுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வெயிலும் தூசியும். உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் எல்லாரின் நலத்தையும் அல்லாஹ் காக்கட்டும்.

புகைப்படம் கிடைத்த அன்றே பார்த்துவிட்டேன். யாரை முதலில் பார்த்தேன் என்று உனக்குத் தெரியும். முகத்தைக்கூட இல்லை, கையைத்தான். சமீஹாவின் கையில் வளையல் இல்லை. வலது கை, இடது கை, இரண்டிலும் இல்லை. கல்யாண வீட்டில், ஹஸீப்! ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். மோதிரமும் இல்லை.

முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். எழுந்துபோய்க் காப்பி போட்டுக் குடித்தேன், அவ்வளவு சந்தோஷம். திரும்பி வந்து மறுபடி பார்த்தேன். அவள் சட்டைக் கையை விரல் வரை இழுத்துவிட்டு, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வளையல் போன கையை ஒரு பெண் எப்படிப் பிடித்துக்கொள்வாள் என்று எனக்குத் தெரியும். அதற்கு மேல் அந்தக் காப்பி இறங்கவில்லை.

ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுது. இத்தனை மாதத்தில், நஸீஹ் நாற்காலியை உள்ளே எடுக்கும் முன்னால், அவன் கடையிலிருந்து துணிப் பொட்டலத்தோடு ஓர் ஆளாவது வெளியே வந்ததை நீ பார்த்தாயா?

பஹீஜா


குவைத், 14 செப்டம்பர் 1986

தம்பி,

பதில் இல்லை. அம்மா நலமா? நீ நலமா? பார்த்தாயா, இல்லையா?

பஹீஜா


அலெப்போ, 28 செப்டம்பர் 1986

அக்கா,

அம்மா சுகம். மாடியில் மிளகாய் காயப்போட்டிருக்கிறாள், தெருவே தும்முகிறது. நானும் சுகம் என்றுதான் எழுத வேண்டும்.

பார்க்கவில்லை. ஒருவரைக்கூடப் பார்க்கவில்லை. உன் கடிதம் வந்ததும் கோபம்தான் வந்தது. குவைத்தில் உட்கார்ந்துகொண்டு என் சந்தையை எனக்கே விளக்குகிறாள் என்று கடிதத்தைச் சுருட்டிப் போட்டேன். உன் இரண்டாவது கடிதத்துக்குப் பிறகு ஒருநாள் காலை என் கடையைத் திறக்காமல், புர்ஹான் ஹாஜியாரின் மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

நஸீஹ் வந்தான். கதவைத் திறந்தான். நாற்காலியைப் போட்டு, துண்டால் துடைத்து, பிஸ்மில்லா சொல்லி உட்கார்ந்தான். ஆள் யாரும் வரவில்லை. சற்று நேரம் என் கடைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து, நாற்காலியைத் தூக்கி உள்ளே கொண்டுபோனான்.

அவ்வளவுதான் அக்கா. அதுதான் அவனுடைய போணி.

"இப்பத்தான் பார்க்குறியா?" என்றார் ஹாஜியார். "சந்தைக்கே தெரியும். முன்னால அடுக்கியிருக்கான் பாரு, அது ஒரு சுத்துத் துணி, உள்ளே வெறும் அட்டை."

"ஏன் ஹாஜியார் எங்கிட்ட சொல்லலை?"

"சொல்லக் கூடாதுன்னான். 'அவன் வீட்ல எங்க அத்தையோட வைத்தியம் இருக்கு, பிள்ளைங்க இருக்கு. என் வீட்ல நாங்க ரெண்டு பேருதான், எப்படியும் ஓட்டிக்குவோம்'னான். நீ போணி ஆனப்புறமும் நாற்காலியை எடுக்காம இருந்தியே, அதுவும் அவனுக்குத் தெரியும். தெரியாம இருக்குமா? ஆளை அனுப்புனதே அவன்தானே!"

மிளகு வாசனை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் அவனுக்கு முன்னால் போனேன். கடையைத் திறந்தேன், நாற்காலியை வெளியே போடவே இல்லை. அவன் வந்து பார்த்தான்.

"மச்சான், அதுக்குள்ள போணியா? யாருக்கு வித்தே?"

"நீ இத்தனை மாசமா தினம் யாருக்கு வித்தியோ, அவங்களுக்குத்தான்."

அவன் முகம் செத்துப்போயிற்று. கடையைத் திறந்தான், தன் நாற்காலியையும் வெளியே போடாமல் உள்ளேயே விட்டான். அந்த நேரம் பார்த்து அஸாஸிலிருந்து ஒரு அம்மாள் மகளோடு வந்தாள். பிஸ்தா நிறப் பட்டு வேண்டுமாம்.

"அந்தக் கடைக்குப் போங்கம்மா, அவருக்கு இன்னும் போணி ஆகலை" என்றேன்.

"எனக்கு ஆயிடுச்சும்மா, என் மச்சான்கிட்டயே எடுங்க" என்றான் அவன்.

"பொய் சொல்றான்மா. அவன்கிட்ட எடுங்க!"

"அவன்தாம்மா பொய். நல்ல பட்டு, அவன்கிட்டதான் இருக்கு!"

அந்த அம்மாள் இரண்டு வாசலுக்கும் நடந்தாள். கடைசியில் இடுப்பில் கைவைத்து, "உங்க ரெண்டு பேருக்கும் துணி விக்கிற எண்ணமே இல்லையா? பைத்தியக்காரனுங்க!" என்று மகளை இழுத்துக்கொண்டு நேரே நாலு கடை தள்ளியிருக்கும் வஸ்ஃபி கடைக்குப் போய்விட்டாள். யார் சலாம் சொன்னாலும் பதில் சொல்லாத அதே வஸ்ஃபிதான். மூன்று கல்யாண மெத்தைக்குத் துணி விற்றான். ஹாஜியார் சிரித்துச் சிரித்து மூட்டை மேலேயே சாய்ந்தார். நஸீஹ் படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். சிரிப்பு ஓய்ந்ததும், "அடுத்த மாசத்தோட மூடறேன் மச்சான். இத்லிப்ல சமீஹாவோட அண்ணன் அடுப்பு வச்சிருக்கார், ரொட்டி சுடக் கூப்பிடறார்" என்றான்.

வளையல் எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை. உனக்கும் எனக்கும் தெரியும்.

இப்போது எனக்கு வேறு எரிச்சல். அவன் பல மாதம் செய்ததை நான் ஒரே ஒரு காலை செய்தேன், அதுவும் அவனைப் பார்த்து. அவன் கடை மேல் இருந்த பொறாமை போய்விட்டது, அவன் மேல் வந்துவிட்டது. இதற்கு அம்மாவின் தைலம் கேட்காது.

ஹஸீப்


குவைத், 20 அக்டோபர் 1986

என் தம்பிக்கு,

அம்மாவிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டாதே. நலம் என்று மட்டும் சொல்.

ரவூஃபை மார்ச் மாதமே வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். மறுசீரமைப்பு என்று உனக்கு எழுதினேனே, அது அவர்தான். வீடு மாறியதற்குக் காரணம் கடல் காற்று இல்லை. ஊருக்கு வந்த ஆளுக்குக் கையில் நிறைய இடமிருந்தது, என்னிடம்தான் வைக்க ஒன்றுமில்லை. சமீஹாவின் கையை நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று யோசித்திருப்பாய். படத்தை என் வெறும் கையில்தானே பிடித்திருந்தேன்.

சந்தை தூங்குகிறது என்று நீ எழுதும்போதெல்லாம் எனக்கு உன் மேல் பொறாமை. தூங்குகிற சந்தையானாலும் போய் உட்கார உனக்கு ஒரு கடை இருக்கிறது. ரவூஃப் காலையில் சட்டை போட்டுக்கொண்டு, பிள்ளைகளை விட்டுவிட்டு, மதியம் வரை எங்கே நடக்கிறார் என்று நான் கேட்பதில்லை. பத்திரிகையில் அந்தச் சொல்லைப் பார்த்தால் மடித்து வைத்துவிடுவார். உங்கள் ஹாஜியார் சொன்னதுதான் சரி.

அடுத்த மாதம் திரும்பி வருகிறோம், எல்லாருமாக. கொஞ்ச நாள் உன் வீட்டில். நஸீஹ் ஊரைவிட்டுப் போவதற்கு முன் அவனிடம் இன்னதைச் சொல் என்று நான் கேட்கவில்லை. நீயாக ஏதாவது நல்லதாகச் சொல்.

பஹீஜா


அலெப்போ, 9 நவம்பர் 1986

அக்கா,

வா. அம்மா மாதுளை உரித்து வைத்திருக்கிறாள். நீங்கள் வருவது அவளுக்குத் தெரியும். ஏன் என்பது தெரிந்தாலும் தெரியாதது போல இருப்பாள், அவள் வழக்கம் அது. எல்லாரும் சுகமாக வந்து சேருங்கள்.

நஸீஹ் போய்விட்டான். போகும்போது கடைச் சாவியை என் கையில் வைத்தான். "விக்கலை மச்சான். வாடகைக்கு நீ ஜவாப்தாரி. பஹீஜா வீட்டுக்காரர் வந்து திறக்கட்டும். நல்ல காலம் வந்தா நான் திரும்பி வந்து கேட்கிறேன்" என்றான்.

நான் உன் கடிதத்தைப் பற்றி அவனிடம் மூச்சுவிடவில்லை. "அத்தான் வராருன்னு உனக்கு யார் சொன்னா?" என்று கேட்டேன்.

"பொதி நின்னுபோச்சுன்னு நீதானே சொன்னே? அப்பவே தெரியும்."

நான் உன் கூடப்பிறந்தவன். தேயிலை வரவில்லை என்று முணுமுணுத்தேன். அதையும் அவன்தான் முதலில் கண்டுபிடித்தான். எரியாதா எனக்கு?

என் அலமாரியிலிருந்து பாதித் துணியை அங்கே மாற்றியிருக்கிறேன். அட்டை இல்லை, முழுத் துணி. அப்பா சின்னது என்று சொன்ன கடைதான், ஆனால் கணக்கு எழுதுகிறவர் உட்காரத் தாராளமாக இடம் இருக்கிறது. இன்று காலை எனக்குப் போணி ஆனதும் நாற்காலியை உள்ளே எடுத்தேன். அடுத்து வந்தவரை அனுப்பப் பக்கத்தில் எட்டிப் பார்த்தேன், பூட்டிய கதவுதான் இருந்தது. வஸ்ஃபியின் நாற்காலி வெளியே இருந்தது, அவனிடம் அனுப்பினேன். அவன் நன்றி சொல்லவில்லை.

நஸீஹின் நாற்காலியைத் துடைத்து வைத்திருக்கிறேன். அத்தான் வந்த மறுநாளே அதை வாசலில் போடட்டும். ஆனால் அது என்னுடையதற்கு முன்னால் உள்ளே போனால் எனக்கு வயிறு எரியும். இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஹஸீப்